பிள்ளை தன் சொல்லை எழுதட்டும்
(இந்த மாதப் பாடம் – குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்க)



இதுவரை சேமிப்பு, வங்கிக் கடன், கறவை மாடு, குடிநீர் என்று பல பாடங்களைச் சேர்ந்து படித்திருக்கிறோம். இந்த மாதம் நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது டீச்சர் வேலையாச்சே, நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். பாடத்தைக் கடைசி வரை கேட்டுவிட்டு, அது யார் வேலை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் குழுவில் தீர்மான நோட்டு எழுதுவது யார்? பெரும்பாலான குழுக்களில் ஒருவர்தான் எழுதுகிறார். அவர் ஊருக்குப் போய்விட்டால் கூட்டமே தள்ளிப் போகிறது. மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் "நீங்க நாலு வரி எழுதுங்க" என்றால், "எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்று நோட்டைத் தள்ளி வைக்கிறார்கள். இவர்களில் எட்டாவது, பத்தாவது படித்தவர்களும் உண்டு. இத்தனை வருடம் பள்ளிக்கூடம் போய் வந்தும் சொந்தமாக நாலு வரி எழுத ஏன் வரவில்லை? இந்தப் பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. பார்த்து எழுதுவதும் சொந்தமாக எழுதுவதும்

நம் பிள்ளைகளின் நோட்டைத் திறந்து பாருங்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், டீச்சர் சிவப்பு மையில் 'நன்று' போட்டிருப்பார். இப்போது நோட்டை மூடிவிட்டு, ஒரு தாளைக் கொடுத்து, "நேத்து சந்தையில என்ன பார்த்தேன்னு அஞ்சு வரி எழுது கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "எதைப் பார்த்து எழுதணும்மா?" என்று கேட்பார்கள்.

நோட்டில் இருப்பது கரும்பலகையைப் பார்த்தோ, நோட்ஸைப் பார்த்தோ எழுதியது. பொங்கல் பற்றிய கட்டுரை என்றால் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். நாற்பது வீட்டிலும் பொங்கல் ஒரே மாதிரியா நடந்தது? ஒரு வீட்டில் அப்பா வெளியூர் வேலையிலிருந்து வரவில்லை. இன்னொரு வீட்டில் புது மாடு வந்தது. அந்தச் சங்கதி எதுவும் நோட்டில் இருக்காது.

பார்த்து எழுதுவது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத்தின் வடிவம் கைக்குப் பழக, ஆரம்பத்தில் அது வேண்டும். ஆனால் அது முதல் படிதான். அங்கேயே நின்றுவிட்டால், பிள்ளை பெரியவனாகி பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதவும் அடுத்தவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். நம் வாழ்க்கையில் அதை நாம் பார்த்தவர்கள்தான். மனுவை வேறொருவர் எழுதினால், நாம் சொன்னது ஒன்றாகவும் தாளில் இருப்பது வேறாகவும் போய்விடுகிறது.

2. சென்னையில் 2003-ல் நடந்தது

நம் பயிற்சிப் பிரிவு இருக்கும் அசோக் நகர், சென்னை மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. இந்த மாநகராட்சியின் பள்ளிகளில்தான் 2003-ஆம் ஆண்டு ஒரு முக்கியமான மாற்றம் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் திரு. எம்.பி. விஜயகுமார். அவர் அதற்கு முன் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்கான பள்ளிகளில் ஒரு புது முறையைப் பார்த்திருந்தார். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள ரிஷிவேலி பள்ளி, சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை அது. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுத்து வந்தார்கள். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். பிறகு மாநகராட்சியின் மற்றப் பள்ளிகளுக்கும், 2007-08 கல்வி ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 37,000 அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது போனது. அதற்குச் 'செயல்வழிக் கற்றல்' என்று பெயர். உங்களில் பலருடைய மூத்த பிள்ளைகள் அந்த அட்டைகளில் படித்தவர்கள்தான்.

அந்த வகுப்பறை எப்படி இருந்தது?

பிள்ளைகள் வரிசையாக உட்காராமல், தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை பாடங்கள் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சுவரில் 'ஏணிப்படி' என்று ஒரு படம். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று அதில் இருக்கும். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம் உண்டு. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே ஏணியில் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுத்து வரும். சில அட்டைகளுக்கு டீச்சரோடு உட்கார வேண்டும், சிலவற்றுக்கு நண்பர்களோடு, சிலவற்றைத் தனியாகச் செய்ய வேண்டும். வருகைப் பதிவைக்கூடப் பிள்ளைகளே செய்தார்கள்.

நம் பாடத்துக்கு மிக முக்கியமான விஷயம் சுவரின் கீழ்ப் பகுதி. பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு இடம் உண்டு. அதுவரை கரும்பலகை டீச்சருடையது. சாக்பீஸும் டீச்சருடையது. பிள்ளை கரும்பலகையைத் தொட்டால் அடி விழும். இப்போது பிள்ளைக்கும் ஒரு பலகை, ஒரு சாக்பீஸ். தப்பாக எழுதினால் கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். எழுதுவதில் பயம் போக அது பெரிய உதவி.

இந்த முறையால் ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மை ஒன்று உண்டு. செங்கல் சூளைக்கோ, கரும்பு வெட்டுக்கோ அப்பா அம்மாவோடு போய் இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளை, பழைய முறையில் எல்லாப் பாடத்தையும் விட்டிருக்கும். கடைசி பெஞ்சில் புரியாமல் உட்கார்ந்திருந்து, கொஞ்ச நாளில் நின்றுவிடும். அட்டை முறையில் அந்தப் பிள்ளை எந்தப் படியில் விட்டதோ, அதே படியிலிருந்து தொடரலாம்.

3. வேகம் பிள்ளையுடையது, விஷயம் யாருடையது?

குறைகளையும் சொல்ல வேண்டும். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், ஆளுக்கு ஒரு அட்டையோடு இருக்கும்போது ஒரு டீச்சர் எல்லோரையும் கவனிப்பது சிரமம். அட்டைகள் கிழிந்தால், காணாமல் போனால் மாற்று வர நாளாகும். பெற்றோரும், "புஸ்தகமே இல்லாம என்ன படிப்பு?" என்று கேட்டார்கள். பின்னால் இந்த முறை எளிமையாக்கப்பட்டது. 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்ததால் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் மீட்க வந்த திட்டம் அது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பயிற்சி கொடுத்தார்கள்.

இந்த முறைகளில் பிள்ளைக்குக் கிடைத்த சுதந்திரம் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியது. மெதுவாகப் படிக்கலாம், வேகமாகப் படிக்கலாம். ஆனால் எதைப் பற்றி எழுதுவது என்பதை அட்டை எழுதியவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நம் மொழியில் சொன்னால், கடன் தவணையை எத்தனை மாதத்தில் கட்டுவது என்று கேட்டார்கள், என்ன தொழில் செய்ய விருப்பம் என்று கேட்கவில்லை. தொழிலை நாமே தெரிவு செய்தால்தான் அதில் நமக்கு அக்கறை வரும் என்று எல்லாக் குழுக்களுக்கும் தெரியும். எழுத்தும் அப்படித்தான்.

4. பிள்ளையிடமே சொல்லைக் கேட்ட டீச்சர்

நியூசிலாந்து நாட்டில் சில்வியா ஆஷ்டன் வார்னர் என்று ஒரு ஆசிரியை இருந்தார். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அரசாங்கம் கொடுத்த புத்தகம் வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றியது. மாவோரிப் பிள்ளைகளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

அதனால் அவர் காலையில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு உனக்கு என்ன சொல் வேணும்?" என்று கேட்டார். பிள்ளை சொன்ன சொல்லை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். மறுநாள் எல்லா அட்டைகளையும் தரையில் கொட்டுவார். பிள்ளைகள் ஓடி வந்து அவரவர் அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். நினைவில் நிற்காத சொல்லை எடுத்து வைத்துவிடுவார். அந்தச் சொல் பிள்ளைக்கு முக்கியமில்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளைகள் அதிகம் கேட்ட சொற்களில் இரண்டு, 'பேய்' என்பதும் 'முத்தம்' என்பதும். ஒன்று பயம், இன்னொன்று பாசம். மனதில் ஆழமாக இருக்கும் சொல்லை ஒரே தடவை பார்த்தாலும் பிள்ளை மறக்காது என்று அவர் கண்டுகொண்டார். பிறகு அந்தச் சொற்களை வைத்தே பிள்ளைகள் சின்னக் கதைகள் எழுதினார்கள். 1963-ல் இந்த அனுபவத்தை அவர் புத்தகமாக எழுதினார்.

அதே 1963-ல் பிரேசில் நாட்டில் அங்கிகோஸ் என்ற ஊரில், பாவ்லோ ஃபிரேயர் என்ற கல்வியாளர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். தொழிலாளிகள் தினம் புழங்கும் சொற்களை வைத்து ஆரம்பித்தார். 'செங்கல்' அப்படி ஒரு சொல். செங்கலை யார் செய்கிறார்கள், அதில் கட்டிய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பேசிவிட்டுப் பிறகு எழுத்துக்குப் போவார்கள். ஏறக்குறைய 40 மணி நேர வகுப்பில் அவர்கள் எழுத்துக் கற்றார்கள். அடுத்த வருடம் அங்கே ராணுவ ஆட்சி வந்தது, ஃபிரேயரைச் சிறையில் போட்டார்கள். ஏழைகள் சொந்தமாக எழுத ஆரம்பித்தால் சிலருக்குப் பயம் வரும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

நம் தமிழ்நாட்டிலும் 1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அது தொடங்கியபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். நம் குழுக்களில் உள்ள மூத்த சகோதரிகள் சிலர் அந்த வகுப்புகளில் பேர் எழுதக் கற்றவர்கள். முதன்முதலில் தன் பேரை எழுதிய நாள் எப்படி இருந்தது என்று இன்றைய கூட்டத்தில் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். பேர் என்பது நம் சொந்தச் சொல். அதனால்தான் அந்த நாள் மறக்கவில்லை.

5. மணலிலிருந்து செல்போன் வரை

இப்போது கருவிகளுக்கு வருவோம். 'தொழில்நுட்பம்' என்றால் கம்ப்யூட்டரும் செல்போனும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். பிறகு ஓலையும் எழுத்தாணியும். அதற்குப் பின் சிலேட்டும் பலப்பமும், நோட்டும் பேனாவும் வந்தன. ஒவ்வொன்றும் அந்தக் காலத்தில் புதுக் கருவிதான்.

2011-ல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020-ல் கொரோனாவில் பள்ளி மூடியபோது, வீட்டில் இருந்த ஒரே செல்போனுக்கு மூன்று பிள்ளைகள் போட்டி போட்டதை நாம் பார்த்தோம். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அப்படியே விட்டுப் போனார்கள். 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது நம் பகுதிப் பெண்களே தன்னார்வலர்களாக மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 2024-ல் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கத் தொடங்கினார்கள், ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் தரப்பட்டன.

இந்தக் கருவி நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அரிவாள்மனையில் காயும் நறுக்கலாம், கையும் வெட்டிக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கருவி இருக்கும்போது பிள்ளை என்ன செய்கிறது? பெரிய திரையில் ஓடும் படத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், அது பழைய கரும்பலகைதான், கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது, அவ்வளவே. பார்த்ததைப் பற்றிப் பிள்ளை பேசி, தன் சொல்லில் எழுதினால் அந்தத் திரையால் பயன் உண்டு. அதே கணக்கில் பார்த்தால், 2003-ல் சுவரின் கீழே அடித்த கருப்பு பெயிண்ட், எழுதும் வேலையைப் பிள்ளை கைக்குக் கொடுத்த நல்ல கருவி.

6. செல்போனில் மூன்று வழிகள், ஒரு எச்சரிக்கை

இன்று பல வீடுகளில் செல்போன் இருக்கிறது. அதை எழுத்துக்கு இப்படிப் பயன்படுத்தலாம்.

முதல் வழி, பேசிப் பதிவு செய்வது. எழுத வராத பிள்ளைக்குப் பேச வரும். "சந்தையில என்ன பார்த்த?" என்று கேட்டு, அது சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கேட்டு, பிள்ளையே நோட்டில் எழுதட்டும். சொல்லும் அதனுடையது, எழுத்தும் அதனுடையது.

இரண்டாவது, படம் எடுத்து எழுதுவது. பிள்ளைக்குப் பிடித்த எதையாவது, ஆட்டுக்குட்டியோ, கிணறோ, பாட்டியின் கையோ, படம் எடுக்கச் சொல்லி, அதைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். எதைப் படம் எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, குரல் வழித் தட்டச்சு. 2017-லிருந்து கூகுளில் தமிழில் பேசினால் அது எழுத்தாக வருகிறது. எழுதப் படிக்கச் சிரமப்படும் நம் சகோதரிகளுக்கும் இது உதவும். ஆனால் போன் நம் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொள்வதும் உண்டு. வந்த எழுத்தைப் பிள்ளையை விட்டுப் படித்துத் திருத்தச் சொல்லுங்கள். அதுவே நல்ல பயிற்சி. எழுத்துக் கற்கும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் இது வேண்டாம். 'ழ'வும் 'ள'வும் கைக்குப் பழக அவர்கள் கையால்தான் எழுத வேண்டும்.

எச்சரிக்கை: 2022 கடைசியிலிருந்து, கேட்டால் கட்டுரையே எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன. வீட்டுப்பாடத்தைப் போனில் கேட்டு, வந்ததை நோட்டில் எழுதிக் கொண்டு போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நோட்ஸைப் பார்த்து எழுதியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நோட்ஸ் ஒரே மாதிரி இருக்கும், டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். இது ஆளுக்கு ஒரு மாதிரி வரும், கண்டுபிடிப்பது கஷ்டம். போனைப் பிடுங்கி வைப்பதால் மட்டும் இது தீராது. போனால் எழுத முடியாததை எழுதச் சொல்ல வேண்டும். நம் வீட்டு மாடு கன்று போட்ட ராத்திரி என்ன நடந்தது என்று எந்தச் செயலிக்கும் தெரியாது. அது உங்கள் பிள்ளைக்குத்தான் தெரியும்.

7. வீட்டு விஷயம் நோட்டில் வந்தால்?

இந்தப் பாடத்தில் கஷ்டமான பகுதி இது. கூட்டத்தில் இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள்.

பிள்ளையிடம் "உனக்குப் பிடிச்சதை எழுது" என்று சொன்னால் அது பூவையும் நிலாவையும் மட்டுமே எழுதாது. "அப்பா குடிச்சுட்டு வந்து அம்மாவை அடிச்சாரு" என்று எழுதலாம். "லோன் கட்ட பணம் இல்லன்னு அம்மா அழுதுச்சு" என்று எழுதலாம். பேயும் முத்தமும் என்று அந்த டீச்சர் கண்டது இதைத்தான். இதைப் படித்த உடனே நமக்கு வருவது கோபமும் வெட்கமும். "வீட்டுச் சங்கதியை எவன்டா ஊருக்கு எழுதச் சொன்னது?" என்று முதுகில் ஒன்று வைப்போம். அந்த ஒரு அடியில் பிள்ளை தெரிந்துகொள்ளும், எழுதுவது ஆபத்து என்று. மறுநாளிலிருந்து அது பழையபடி பொங்கல் கட்டுரைதான் எழுதும்.

நாம் என்ன செய்யலாம்? முதலில், எழுதியதற்காக அடிக்கவோ திட்டவோ கூடாது. இரண்டாவது, "இதை டீச்சர் மட்டும் படிக்கலாமா, எல்லாரும் படிக்கலாமா, இல்ல நீ மட்டும் வச்சுக்கறியா?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்த முடிவும் அதனுடையதுதான். வகுப்பில் சத்தமாகப் படிக்கும் முன் இதே கேள்வியை டீச்சரும் கேட்க வேண்டும். மூன்றாவது, பிள்ளை எழுதியதையும் அதன் படத்தையும் அதைக் கேட்காமல் வாட்ஸப்பில் போடாதீர்கள். நான்காவது, பிள்ளையின் எழுத்தில் அதற்கு ஆபத்து இருப்பது தெரிந்தால், யாராவது தப்பாக நடப்பது தெரிந்தால், அதை மூடி மறைக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

இன்னொன்றும் யோசியுங்கள். நாம் குழுவில் சேர்ந்த புதிதில் நம் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல எத்தனை கூட்டம் ஆனது? சொன்ன பிறகுதான் நாலு பேர் பக்கத்தில் நின்றார்கள். பிள்ளைக்கு நோட்டுதான் அந்தக் கூட்டம்.

8. சகோதரிகள் வழக்கமாகக் கேட்பவை

"நானே கைநாட்டு. நான் எப்படிச் சொல்லிக் கொடுக்க?" சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், "நீ எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். "அப்புறம் என்னாச்சு? அந்த ஆடு என்ன கலரு?" என்று கேட்டால் பிள்ளை இன்னும் இரண்டு வரி சேர்க்கும். படிக்காத அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது பிள்ளைக்குத் தன் எழுத்தில் ஒரு மதிப்பு வரும்.

"பிழையா எழுதினா திருத்த வேணாமா?" திருத்த வேண்டும், ஆனால் அதற்கு நேரம் இருக்கிறது. முதலில் பிள்ளை சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லட்டும், பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பிழைகளைத் திருத்தினால் போதும். எல்லாவற்றையும் சிவப்பில் வட்டம் போட்டால், பிள்ளை தெரிந்த சின்னச் சொற்களை மட்டும் வைத்துத் தப்பித்துக்கொள்ளும்.

"பரீட்சையில் கேட்பதை எழுதினால்தானே மார்க்?" நியாயமான கேள்வி. பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வில் கேட்ட கேள்விக்குக் கேட்ட மாதிரி எழுதத்தான் வேண்டும். நம் பிள்ளைக்கு மார்க்கும் வேண்டும். அதனால் தினமும் இப்படி எழுதச் சொல்லவில்லை, வாரத்தில் ஒரு நாள் போதும். சொந்தமாக எழுதிப் பழகிய பிள்ளைக்கு, தேர்வில் படித்தது மறந்துபோனாலும் தெரிந்ததை வைத்து ஏதாவது எழுத வரும். மனப்பாடம் மட்டும் செய்த பிள்ளை முதல் வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடும்.

9. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாம் கேட்க வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் இந்தக் குழுக்கள் மாற்றி அமைக்கப்பட்டன. நம் உறுப்பினர்கள் பலர் இதில் இருக்கிறார்கள். கூட்டத்தில் கழிப்பறை, தண்ணீர், சுற்றுச்சுவர் பற்றிப் பேசுகிறோம், அது அவசியம்தான். இனி எழுத்தைப் பற்றியும் பேசுவோம். டீச்சர் மேல் குற்றம் சொல்லும் விதமாக இல்லாமல், சேர்ந்து செய்யும் விதமாகக் கேளுங்கள்.

அ. வாரத்தில் ஒரு பாடவேளை, பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த விஷயத்தை எழுத ஒதுக்க முடியுமா?

ஆ. சுவரில் பிள்ளைகள் உயரத்துக் கரும்பலகை இன்னும் இருக்கிறதா? பெயிண்ட் போயிருந்தால் நாமே அடித்துத் தரலாமா?

இ. 2023-ல் 'வாசிப்பு இயக்கம்' மூலம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னப் புத்தகங்கள் வந்தன. அவை பீரோவில் இருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா? பிள்ளையே புத்தகத்தைத் தெரிவு செய்து எடுக்க முடிகிறதா?

ஈ. பள்ளிக் கல்வித் துறை 2022-ல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற சிறார் இதழ்களை வெளியிட ஆரம்பித்தது. பிள்ளைகளின் படைப்புகளும் அவற்றில் வந்தன. அதே போல நம் பள்ளியிலேயே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தலாமா? தாள் செலவைக் குழு ஏற்கலாமா?

உ. கம்ப்யூட்டர் இருந்தால், அதில் தமிழில் தட்டச்சு செய்யப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கிடைக்கிறதா? பெண் பிள்ளைகளும் விசைப்பலகையில் கை வைக்கிறார்களா, பையன்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா?

10. குழுவில் விவாதிக்க

1. உங்கள் பள்ளி நாட்களில் சொந்தமாக எழுதிய ஒரு விஷயமாவது நினைவிருக்கிறதா? இல்லையென்றால் ஏன்?

2. உங்கள் பிள்ளையிடம் "ஒரே ஒரு சொல் கேள்" என்றால் எந்தச் சொல்லைக் கேட்கும்? வீட்டுக்குப் போய்க் கேட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

3. பிள்ளை வீட்டுக் கஷ்டத்தை எழுதினால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அப்பாக்களிடம் இதை எப்படிப் பேசுவது?

4. வீட்டில் உள்ள செல்போன் ஒரு நாளில் எத்தனை நேரம் பிள்ளை கையில் இருக்கிறது? அதில் எத்தனை நிமிடம் எழுத்துக்குப் பயன்படுகிறது?

இந்த மாதம் செய்ய வேண்டிய வேலை

ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களைப் பிரித்துத் தைத்துப் பிள்ளைக்கு ஒரு 'சொந்த நோட்டு' செய்து கொடுங்கள். அதில் வீட்டுப்பாடம் எழுதக் கூடாது. யாரும் கேட்காமல் திறந்து பார்க்கக் கூடாது. பிள்ளையாகப் படித்துக் காட்டினால் கேளுங்கள்.

குழுவுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த நான்கு கூட்டங்களுக்குத் தீர்மான நோட்டை வழக்கமாக எழுதுபவர் எழுத வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக ஒருவர் எழுதட்டும். பிழை இருந்தாலும் பரவாயில்லை, தொகையை மட்டும் இரண்டு பேர் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "எனக்கு வராதுங்க" என்று சொல்லும் சகோதரி எழுதுவதை அவர் பிள்ளை பார்த்தால், இந்தப் பாடத்தில் நாங்கள் எழுதிய எல்லாவற்றையும்விட அது அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

விவாதத்தில் எடுத்த முடிவைத் தீர்மானமாக எழுதி, கூட்டமைப்பின் மாதக் கூட்டத்துக்கு வரும் உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகள் சம்மதித்தால் அவர்கள் எழுதியதில் சிலவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பிழை திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.